மணக்கிறது, ஆனால் கசிப்பு அல்ல

அன்று கோயில் முன்னால் நான் சொல்லாமல் விட்டவை மூன்று சின்ன வாக்கியங்கள். மணக்கிறது. அது கசிப்பு அல்ல. என் மகன் விழ மாட்டான். பாக்கியம் அக்கா கூட்டத்துக்கு நடுவிலிருந்து என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுடி, ஒனக்கு மணக்கலியா?" என்று கேட்டபோது இவற்றில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தேன். உன் அப்பாவும் தரையைப் பார்த்தார். நீ மட்டும் என்னைப் பார்த்தபடி நின்றாய். பிறகு வீட்டுக்குள் போய் உன் பையை எடுத்துக்கொண்டு, அக்கரப்பத்தனை பஸ்ஸைப் பிடிக்க மூடுபனிக்குள் இறங்கிப் போய்விட்டாய்.

வீட்டுக் கதையை நான் வெளியில் பேசுகிறவள் அல்ல, உனக்கே தெரியும். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். அவை தூங்குகிற நேரத்தில் ஏதாவது புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். "அது பொஸ்தகத்தோட பேசும், மனுசரோட பேசாது" என்று என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். ஆனால் உன்னைப் பற்றி தோட்டத்தின் ஆறு லய வீட்டு வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசினார்கள். அதனால் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையும் யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். ஒளித்து வைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

நேற்று நீ நுவரெலியாவிலிருந்து அனுப்பிய செய்தியைப் பலமுறை வாசித்துவிட்டேன். 'அம்மா, காப்பு கட்டுறதுக்கு முந்தி வந்து விழுந்துர்றேன். ஒங்களுக்கும் அப்பாவுக்கும் நிம்மதி. காரையும் வித்துர்றேன்.' கோயில் கமிட்டி உனக்குச் சொன்னது அதுதான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்குள் நீ வந்து, கோயில் வாசலில் எல்லாரும் பார்க்க விழுந்து, தோட்டத்துக்குள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் கொண்டுவந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேன்களைக் கவிழ்த்து ஊற்ற வேண்டும். காரைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் சாமி ஊர்வலம் வரும்போது நம் வாசலில் நிற்காது. விழுந்தால் சாமி நிற்கும், ஆனால் காரை விற்றுவிட்டால் ஏப்ரலில் நடக்கிற மலையேற்றக் காரோட்டத்தில் உன் கார் நிற்காது. அத்தோடு, செய்யாத ஒன்றைச் செய்தவன் என்று உன் வாயாலேயே சொன்னவன் ஆகிவிடுவாய். ஒரு வரியில் இதற்குப் பதில் போட எனக்குத் தெரியவில்லை. விழாதே என்பதுதான் பதில். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அந்தக் கார் நம் லயத்துக்கு வந்த நாளை நினைத்துப் பார். கொழுந்து லொறி திரும்புகிற இடத்தில், உன் அப்பா தான் ஓட்டுகிற லொறியில் கயிறு கட்டி இழுத்துவந்து விட்டார். கதவு ஒரு நிறம், பொனட் வேறு நிறம். உள்ளே ஒரேயொரு சீட். "இதுக்கு ரோட்டு வேணாம், நேரா ஆத்துக்குப் போயிரும்" என்று அப்பா சொன்னார். உன் சிநேகிதன் தினேஷ் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவன், மூச்சு வாங்க, "மாமா, ஏப்ரல்ல பாருங்க, பறக்கும்" என்றான். இரண்டு வருடச் சம்பளத்தை அதில் போட்டிருந்தாய். கராஜில் பகலெல்லாம் மற்றவர்களின் கார்களுக்குக் கீழே படுத்துக் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து உன் காருக்குக் கீழே படுப்பாய். நான் தேத்தண்ணியைத் தரையில் வைத்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உன் கால்களிடம் பேசிவிட்டுப் போவேன்.

எத்தனோலில் ஏன் ஓட்ட வேண்டும் என்று அப்போது கேட்டேன். நாட்டில் பெற்றோல் இல்லாமல் வரிசைகளில் நின்ற காலத்தைச் சொன்னாய். அப்போது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. தலவாக்கலையில் அப்பாவுக்குப் பதிலாக வரிசையில் நின்று, விடியும் வரை ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தாய். "கரும்புல எடுக்கிறதுல கார் ஓடும்னா எதுக்கும்மா எண்ணெக் கப்பலப் பாத்துக்கிட்டு நிக்கணும்?" என்றாய். அதோடு, அந்த எரிபொருளில் இன்ஜின் சூடு குறையும், அதிக அழுத்தத்தைத் தாங்கும், ஏற்றத்தில் பலம் தரும் என்றாய். போட்டிக்காரர்களுக்கு அனுமதியோடு வருகிறது, பெற்றோல் கலந்தது, குடித்தால் ஆள் பிழைக்காது என்றும் சொன்னாய். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் இதை எனக்கு மட்டும்தான் சொன்னாய். பக்கத்து வீட்டுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நம் வீட்டில் யாருக்கும் பக்கத்து வீட்டுக்குச் சொல்கிற பழக்கம் இல்லை, அது என்னிடமிருந்து வந்தது.

இனி இன்ஜெக்டருக்கு வருகிறேன். எல்லாம் தொடங்கியது அங்கேதான். இன்ஜின் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் எரிபொருளைத் தூவிவிடும் விரலளவு குழாய்கள், நான்கு சிலிண்டருக்கு நான்கு. எத்தனோலில் பெற்றோல் அளவு சத்து இல்லை. அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆகவே காரோடு வந்த பழைய நான்கும் போதாது. வாசலையொட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் பலகையைப் போட்டு, நீயும் தினேஷும் அன்று மாலை முழுவதும் தர்க்கம் பண்ணினீர்கள். ஒரு பக்கம், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் இடத்திலிருந்து தினேஷ் கொண்டுவந்த நான்கு. பெரிய இன்ஜின் ஒன்றிலிருந்து கழற்றியவை. பழையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விடக்கூடியவை. இன்னொரு பக்கம், உன் கைபேசியில் ஒரு படம் மட்டும். புதியவை, அளவில் சிறியவை, எத்தனோலுக்கு என்றே செய்த ரப்பர் வளையங்களோடு, நான்கையும் ஒன்றாகச் சோதித்து அனுப்புவார்கள், வந்துசேர மாதக்கணக்கில் ஆகும்.

"மச்சான், பெருசுன்னா பெருசுதான்டா" என்றான் தினேஷ். "நாளைக்கி டர்போ போட்டாலும் தாங்கும்."

"நாளைக்கி டர்போ யாருடா போடப் போறா? நீயா?" என்று நீ கேட்டாய். ஆனால் உன் கை அந்தப் பெரிய நான்கையும் விட்டு விலகவில்லை.

நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தேன். எனக்கு அன்று தெரிந்த ஒரே இன்ஜெக்டர் பால்போத்தல் சூப்பிதான். "ஓட்ட பெருசா இருந்தா பால் கூட வரும். கூட வந்தா புள்ளைக்கு நல்லதா?" என்று கேட்டேன்.

"அம்மா, இது காரு. ஒங்க மடுவத்துப் பாப்பா இல்ல."

"பொறையேறுனா ரெண்டும் ஒண்ணுதான்."

தினேஷ் சிரித்ததில் தேத்தண்ணி அவன் மூக்கால் வந்தது. என்னை அம்மா என்பதா அக்கா என்பதா என்று எப்போதும் தடுமாறுகிறவன், அன்று "அக்கா, நீங்க கராஜுக்கே வந்துருங்க" என்றான். நீயும் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பெரியவை நான்கும் காருக்குள் போயின.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் வேறு கதையாகச் சொல்கிறது. போட்டி காலைக் குளிரில் நடக்கும், எத்தனோல் குளிரில் லேசில் ஆவியாகாது. அதனால் குளிரில் ஸ்டார்ட் ஆக வைக்கப் பழக வேண்டும் என்று, நீ லீவில் நின்ற நாட்களில் விடிந்ததும் காரை உயிர்ப்பிக்கப் போவாய். அது இருமும், தும்மும், நிற்கும். பழைய ரப்பர் வளையங்கள் எத்தனோலில் ஊறிப் பருத்துத் தளர்ந்திருக்கின்றன. குழாய்க்குள் இருக்கும் ஊசிகளும் தேய்ந்தவை, வாயை முழுதாக அடைக்கவில்லை. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது, காலையில் எரியாமல் புகையோடு வெளியே வந்தது. இங்கத்தைய குளிரில் எந்த வாசமும் மேலே போகாது. மூடுபனிக்கு அடியில் தாழ்வாக, இஸ்தோப்பு இஸ்தோப்பாக, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் புறப்படுகிற நேரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பெண் கூடையை மாட்டிக்கொண்டு நிற்கிற நேரம்.

இன்னொன்றும் நடந்தது. எத்தனோல் ஈரத்தை இழுக்கும், வெளியே வைத்தால் இந்தப் பனி போதும் அதைக் கெடுக்க என்று, இரண்டு வெள்ளைக் கேன்களையும் அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் விறகுக் கொட்டிலுக்குள் வைத்து, சாக்கைப் போட்டு மூடினாய். நல்ல இடம்தான். ஆனால் தம்பி, இந்தத் தோட்டத்தில் கசிப்பு விற்கிறவர்கள் எல்லாரும் அதே மாதிரி வெள்ளைக் கேனை அதே மாதிரி விறகுக்குள் அதே மாதிரி சாக்குப் போட்டுத்தான் மூடுவார்கள். வேறு எந்த ஊரிலும் ஒருவன் தன் காரின் எரிபொருளை அப்படி வைத்தால் கவனமானவன் என்பார்கள்.

பாக்கியம் அக்காவைக் கெட்டவள் என்று நினைக்காதே. உன் மாமா, என் தம்பி, கசிப்பைக் குடித்துவிட்டுப் பத்தாம் நம்பர் தேயிலை மலையின் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து செத்துக் கிடந்தபோது நீ மடுவத்துப் பிள்ளை. அவனைத் தூக்கிவந்த படங்குத் துணியின் ஒரு முனையைப் பிடித்தவள் பாக்கியம் அக்கா. அவள் புருசன் அடுத்த வருடம் அதே வழியில் போனான். அதற்குப் பிறகுதான் பெண்கள் சேர்ந்து ஆற்றோரம் போய்க் கேன்களைக் கவிழ்த்தோம், அடுப்புகளை உதைத்தோம். யாரோடும் பேசாத நானும் போனேன். யார் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது எப்போதும் அவள் மூக்குத்தான். அந்த மூக்கால் காப்பாற்றப்பட்ட வீடுகள் இந்த லயத்தில் உண்டு. உன் அப்பா குடியை விட்டதும் அந்தக் காலத்தில்தான்.

ஆகவே அவளுக்கு மணந்தது எனக்கும் மணந்தது. அதை மறைத்து உனக்குக் கடிதம் எழுத முடியாது. ஒரு காலையில் நீ குளிக்கப் போயிருந்தபோது உன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். மறுநாள் நீ தூங்கும்போது குனிந்து உன் வாயை மோந்தேன், பால் புளித்திருக்கிறதா என்று குழந்தைகளைப் பார்ப்பதுபோல. வாயில் ஒன்றும் இல்லை. சட்டையில் இருந்தது. என் தம்பியின் சட்டையில் இருந்த வாசம் அது இல்லை என்று என் மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. கோயில் முன்னால் என் வாயைக் கட்டியது அந்த வயிறுதான்.

நீ அன்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய்! "இது எத்தனோல். பெற்றோல் கலந்திருக்கு. காருக்கு ஊத்துறது."

"எத்தனோல்னா ஸ்பிரிட்டுதானே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமா, ஆனா..."

"ஆமாங்கிறான்ல! கேட்டுக்கிட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. உன் 'ஆனா'வுக்கு அதற்குப் பிறகு இடமே கிடைக்கவில்லை. கமிட்டித் தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தி, குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசினார். "தம்பி, ஒன்னைய யாரும் அடிக்கல. பொலிசுக்குப் போகல. நம்ம புள்ள நீ. சாமிக்கு முன்னால விழுந்து, தெரியாம கொண்டாந்துட்டேன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். முடிஞ்சிச்சு."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் உனக்கு வேண்டாம் என்கிறேன். சாமிக்கு விழு. தினமும் விழு, காய்ச்சல் வந்தால் விழு, கார் ஏறினால் விழு. ஆனால் கமிட்டி எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்வதற்காக விழாதே. இந்த மலையில் நம் ஆட்கள் ஒரு பிரச்சினையை முடிப்பதற்காகவே எத்தனையோ முறை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி, கைகட்டி, தண்டனையாக அரை நாள் பேரை, பாதிக் கூலியை, வாங்கிக்கொண்டு, மறுநாள் மலைக்குப் போயிருக்கிறார்கள். பிரச்சினை அவர்களுக்கு முடிந்தது, பெயர் மட்டும் முடியவில்லை. 'கேன்காரன் மகன்' என்று நாளைக்கு உன் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். என்னையும் அப்பாவையும் நிம்மதிப்படுத்த என்று எழுதியிருக்கிறாய். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். நான் அதைக் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்டேன். லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவன் விழுந்தா நானும் சேந்து விழுந்த மாதிரிதான். எனக்கு முட்டி வலி" என்றார். அவர் இவ்வளவு பேசியே வெகுநாள் ஆகிறது.

நீ செய்த தவறு ஒன்று இருக்கிறது, அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். உனக்கு வேண்டியதை விட்டுவிட்டு, பெரியதாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை வாங்கினாய். அது சொட்டியது. அந்தச் சொட்டு, புருசனைக் கசிப்புக்குக் கொடுத்த ஒருத்தியின் வாசலில் ஒவ்வொரு காலையும் போய் நின்றது. அதற்காகப் பாக்கியம் அக்காவின் வீட்டுக்குப் போ. அவள் வாசலில் நின்று, என் கார் உங்களை வருத்திவிட்டது, திருத்திவிடுகிறேன் என்று சொல். கோயில் வாசலில் அல்ல. அவள் வாசலில். இரண்டும் ஒன்றல்ல.

பிறகு இன்ஜெக்டரை மாற்று. நீ விட்டுப்போன கையேட்டை இந்த வாரம் பிள்ளைகள் தூங்கிய நேரத்தில் அகராதியோடு வைத்து வாசித்தேன். சிரிக்காதே. வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது, சூப்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஏன் உள்ளே போனேன் என்று. எவ்வளவு விட முடியும் என்று முதலில் கேட்கக் கூடாது, இந்த இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்று கேட்க வேண்டும். கொழும்பில் இழுக்கிற அளவு இந்த உயரத்தில் இழுக்காது, இங்கே காற்று மெலிது. காற்று குறைந்தால் எரிபொருளும் குறையத்தான் வேண்டும். எத்தனோலுக்கான கூடுதலைச் சேர்த்து, முழு வேகத்திலும் இன்ஜெக்டருக்குக் கொஞ்சம் மூச்சு மிஞ்சுகிற அளவு பார், அதற்கு மேல் வேண்டாம். மிகப் பெரியதை நீ மெதுவாக ஓடும்போது கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவு குறுகிய நேரத்தில் அது ஒருபோதும் ஒரே அளவாக விடாது. உன் கார் இருமியது அதனால்தான் என்று நினைக்கிறேன். நான்கும் ஒரே அளவு விடுகின்றனவா என்று நான்கு போத்தலில் பிடித்துப் பார். ஒன்று குறைவாக விட்டால் அந்த ஒரு சிலிண்டர் பட்டினியில் வெந்துபோகும், மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால் உனக்குத் தெரியவும் தெரியாது. வளையம் எத்தனோலைத் தாங்குமா, உள்ளே துருப்பிடிக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கு. இன்ஜெக்டரின் மின்தடை அளவு உன் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒத்துப்போகிறதா என்று நீயே அளந்து பார். தூவல் நுண்மையாக இருக்கட்டும், குளிரில் அதுதான் பற்றும். எல்லாம் பூட்டிய பிறகு அளவுகளை இங்கே, இந்தக் குளிரில், இந்தக் காற்றில் வைத்துச் சரிசெய். கொழும்பில் சரிசெய்ததை இங்கே நம்பாதே.

புதிய நான்கும் கராஜுக்கு வந்துவிட்டதாகவும், உன் பாஸ் உனக்காகவே அவற்றை எடுத்து வைத்திருப்பதாகவும் தினேஷ் சொன்னான். நீதான் காரை விற்கப் போகிறேன் என்று கையில் வாங்காமல் இருக்கிறாயாம். வாங்கு.

இன்று மாலை நான் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே, அன்று சொல்லாத மூன்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"இப்ப வந்து சொல்லுற? அன்னைக்கி வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அன்னைக்கி பயம், அக்கா."

"இன்னைக்கி?"

"இன்னைக்கி கோவம்."

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப மணக்குதுன்னு ஒத்துக்கிற."

"மணக்குது. காருக்குள்ள நாலு ஊசி சொட்டுது. அவன் மாத்திருவான். மாத்துன பொறகு மணந்தா நீங்க சொல்லுங்க, கேன நானே கவுக்கிறேன்."

"மாத்துனா மணக்காதா?"

"கொஞ்சம் வேற மாதிரி மணக்கும். இந்த மாதிரி மணக்காது."

"எனக்கு ஒம் பேச்சுல நம்பிக்க இல்ல" என்றாள். "ஒம் மகன் பேச்சுலயும் இல்ல. என் மூக்குல இருக்கு. அவன் வந்து ஓட்டிக் காட்டட்டும், என் மூக்க நான் கொண்டாறேன்." பிறகு, நான் திரும்பும்போது, "ஒக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. சும்மா நின்னுக்கிட்டே கோவப்படாத" என்றாள்.

ஆகவே வா. விழ வராதே, பூட்ட வா. சாமி நம் வாசலில் நிற்காமல் போனால் போகட்டும், சாமிக்கு வழி தெரியும், கமிட்டிதான் தூக்கிக்கொண்டு போகிறது. நீ ஏறப் போகிற அந்த ரோட்டின் பக்கச் சுவரைக் கட்டியவர்கள் யார் என்று யாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. நம் ஆட்கள் அதில் கல் சுமந்தார்கள், பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் அதன் ஓரத்தில் நின்று மற்றவர்களின் கார்களுக்குக் கை தட்டினார்கள். இந்த வருடம் ஒரு கார் நம் லயத்திலிருந்து போகட்டும். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. ஏறட்டும்.

இதை அனுப்பிய பிறகு நடந்ததையும் எழுதி வைக்கிறேன்.

காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் நீ வந்தாய். முதலில் பாக்கியம் அக்கா வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னாய். பகலெல்லாம் வேலை செய்து புதிய நான்கையும் பூட்டினாய். மறுநாள் விடிந்ததும் அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவளோடு பெண்கள் சிலர் கூடைகளோடு வந்தார்கள். கார் இரண்டு முறை முனகிவிட்டு எழுந்தது. அவள் பின்னால் போய்க் குனிந்து புகையை மோந்தாள், கண்ணீர் வரும் வரை. "புளிச்ச வாசம் இருக்கு. கசிப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போனாள். மாலையில் தலைவரிடமும் போய் அதையே சொன்னாள். பத்துப் பேர் கூடி எடுத்த முடிவை ஒரு மூக்குக்காக மாற்ற முடியாது என்று அவர் சொன்னாராம். நீ கோயில் வாசலில் விழவில்லை.

ஊர்வலத்தன்று நான் தட்டில் தேங்காய், வெற்றிலை, சூடம் எல்லாம் வைத்து வாசலில் நின்றேன். அப்பா பக்கத்தில் நின்றார். மேளம் நெருங்கியது, நம் வாசலைத் தாண்டியது, அடுத்த வாசலில் நின்றது.

மறுநாள் காலை அந்தத் தேங்காயை உடைத்துச் சம்பலுக்குத் துருவினேன். நீயும் தினேஷும் ரொட்டியோடு தின்றுவிட்டு, காரை லொறிக்குப் பின்னால் கட்டி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனீர்கள். போட்டியில் இரண்டு ஓட்டத்திலும் கார் உச்சி வரை ஏறியது. உன் வகுப்பில் ஓடிய ஒன்பது பேரில் நீ ஆறாவது.